ரொக்கம்

“உன் பேச்ச வெச்சிக்கினு நான் இன்னாமே, கொழம்பா வெக்கிறது?”

பட்டம்மா இப்படிக் கேட்டது ஊரறிய, கடற்கரையில், கட்டுமரங்கள் கரையேறி மீன் கூறு கூறாகக் கொட்டிக் கிடந்த காலை நேரத்தில். சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். யாரைப் பார்த்துக் கேட்டாளோ அந்தத் தேசம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் அழுகை வந்தது. பட்டம்மா மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. கூட்டத்தோடு சேர்ந்து பல்லைக் காட்டிய தன் வாய்மேல்தான் கோபம்.

அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குச் சற்றுத் தெற்கே அந்தக் குப்பம். மேற்கே பார்த்தால் பெசன்ட் நகர் மாடிகளின்மேல் புதிதாக முளைத்த கிண்ண ஆன்டெனாக்கள் வானத்தைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருக்கும். கிழக்கே பார்த்தால் கடல். ஆண்கள் விடியுமுன் போய் வெயில் ஏறும்போது திரும்புவார்கள். வலையை உதறி மீனைக் கூறு கட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அதற்குமேல் கரை பெண்களுடையது.

ஏலம் விடுகிறவள் பட்டம்மா. ஆள் குள்ளம், குரல் மட்டும் முகத்துவாரம்வரை போகும். கூறைச் சுற்றிச் சுற்றி வந்து விலையை ஏற்றுவாள். இனி ஏறாது என்று தெரிந்ததும் குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி மீனின்மேல் போடுவாள். அத்தோடு ஏலம் முடிந்தது. தன் கூலிக்கு அந்தக் கூறிலிருந்து ஒரு மீனை எடுத்துக்கொண்டு அடுத்த கூறுக்கு நகர்ந்துவிடுவாள். வாங்கினவள் அப்போதே பணம் தர வேண்டியதில்லை. அடையாறு முழுக்கச் சுற்றி விற்றுவிட்டு, குளித்து, தலைவாரி, சாயங்காலம் பட்டம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தால் போதும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஆனால் விளக்கு வைப்பதற்குள் கட்டுமரக்காரர்களுக்குப் பட்டம்மா பணம் கொடுத்தாக வேண்டும். வாங்கினவள் வராமல்போனால் அவள் கைக்காசு போகும்.

அப்படி வராமல்போனவளுக்கு மட்டும் வேறு வழக்கம். மண்ணைப் போட்டதும் பட்டம்மா நகர மாட்டாள். “ரொக்கம்!” என்று கத்துவாள். கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கரையே திரும்பிப் பார்க்கும். வாங்கினவள் சுருக்குப்பையை அவிழ்த்துக் காசை எண்ணி அந்தக் கையில் வைத்த பிறகுதான் மீனைத் தொடலாம்.

இரண்டு பொங்கலாகத் தேசம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அவளுடைய பெயரே மாறிவிட்டது. “ரொக்கம் வர்றா, வழி வுடுங்கடி” என்பார்கள். சிரிப்பாகத்தான் சொன்னார்கள். அவர்கள் நல்லவர்கள், பிரசவம், காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருகிறவர்கள். இருந்தாலும் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு நாளும் நெத்திலி முள் மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டேயிருந்தது.

இத்தனைக்கும் கெட்டது அவள் வாங்கின மீனால் இல்லை. கரையில் ‘பேர் குடுக்கிறது’ என்று ஒன்று உண்டு. புதிதாக வந்தவளுக்குக் கடனுக்கு விட மாட்டார்கள். தெரிந்தவள் ஒருத்தி, “எம் பேர்ல போடு யக்கா” என்று சொன்னால் விடுவார்கள். சாயங்காலம் பணம் வரவில்லையென்றால் பேர் கொடுத்தவள் தலையில் விழும். தேசம்மா பேர் கொடுத்தது ஜானகிக்கு. ஜானகி அவள் புருஷன் அம்மாசியின் ஒரே தங்கை. முதலில் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு பாதி கட்டினாள். பிறகு, “நாளைக்கு அண்ணி, நாளைக்கு” என்றாள். ஒருநாள் காலையில் பார்த்தால் வீடு திறந்து கிடந்தது. பாத்திரம் பண்டத்தோடு புருஷனும் பெண்டாட்டியும் பழவேற்காட்டுப் பக்கம் போய்விட்டதாகப் பேச்சு.

ஆயிரத்து ஐந்நூறு சொச்சம். பட்டம்மா தேசம்மாவைக் கேட்டாள், கேட்டது நியாயம். தேசம்மா, “தரேன் யக்கா” என்றாள். அதுவும் உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அந்தக் கொழம்புக் கேள்வி வந்தது.

*

ரொக்கத்துக்கு வாங்குவதென்றால் காலையில் கையில் ரொக்கம் வேண்டும். அதற்குத் தண்டல்காரர் தணிகாசலம் இருந்தார். டீக்கடை ஓரமாக டி.வி.எஸ். வண்டியை நிறுத்திக்கொண்டு, அதன்மேலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். காலையில் தொண்ணூறு கொடுத்துச் சாயங்காலம் நூறு வாங்குவார். மனுஷன் ஒருநாள்கூட அதட்டிப் பேசினதில்லை. பேசாமலேயே வந்துவிடும் பணம்.

“இன்னா தேசம்மா, இன்னிக்கு தொண்ணூறா, நூத்தி எம்பதா?”

“தொண்ணூறு போதும். நூத்தி எம்பது வாங்கினா உன் வண்டி இன்னும் கொழுத்துடும்.”

“எல்லாம் உன்னாலதான் ஓடுது.”

“அப்ப முன்னாடி போர்டுல எம் பேர எழுது.”

“எழுதிட்டா போச்சு. உன் பேரதான் யாரும் கண்டுக்கறதில்லியே” என்றார் தணிகாசலம். கெட்ட எண்ணமில்லாமல் சொன்னார். தேசம்மா டீ கிளாசை அலசி வைத்துவிட்டுக் கரைக்கு நடந்தாள்.

தொண்ணூறு ரூபாய்க்கு வஞ்சிரம் வராது, வவ்வால் வராது. கவலை மாதிரி சின்ன மீன் வரும், காரப்பொடி வரும், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு சின்னக் கூறு நெத்திலி வரும். “ரொக்கம்!” சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, அன்னக்கூடையில் மீனைப் போட்டு, சும்மாடு சுற்றித் தலையில் ஏற்றி, ஈரம் கழுத்தில் வழிய வழிய நடப்பாள். டெப்போ தாண்டி, எல்.பி. ரோடு தாண்டி, கஸ்தூரிபா நகர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கியிருக்கும். “மீனே… கவலே… நெத்திலே…” என்று இழுத்துக் கூவினால் மாடியில் ஜன்னல் திறக்கும்.

பழைய பங்களாக்கள் இடிபட்டு ஃபிளாட்டுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஃபிளாட்டில் வாட்ச்மேன் உள்ளே விட மாட்டான். வாசல் கேட்டருகே அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தால் பெண்கள் இறங்கி வருவார்கள். இரண்டாவது மாடி வஜீஹா தவறாமல் வருவாள். அவள் புருஷன் பாய்க்கு வங்கியில் வேலை. தேசம்மா அவளைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

“இன்னைக்கும் கவலையா? வஞ்சிரம் எப்போதான் கொண்டுவருவே தேசம்மா? எங்க வீட்டுக்காரருக்கு முள்ளே ஆகாது. மீன் தட்டைப் பார்த்தாலே பரீட்சை எழுதற மாதிரி உட்காருவார்.”

“வரும் பாயம்மா. பெரிய மீனுக்கு பெரிய துட்டு வோணும்.”

“நான் வேணா முன்னாடியே தரேன். மாசக் கடைசியில் கழிச்சுக்கோ.”

தேசம்மா கவலையின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக் காக்கைக்கு எறிந்தாள். ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

“வாணாம் பாயம்மா. ஒரு எடத்துல வாய வுட்டுட்டு முழிச்சிக்கினு கீறேன். உங்ககிட்டயும் வுட்டுட்டேன்னா அப்பால இந்த கேட்டுக்கும் வர முடியாது.”

வஜீஹா பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, “கருவாடு கிடைக்குமா? மழை நாளில் வேறென்ன இருக்கு சோத்துக்கு? எங்க அம்மா வீட்டில் நெத்திலிக் கருவாடு இல்லாத மழையே கிடையாது. ஆனா வறுத்தா கீழ் வீட்டு மாமி ஊதுபத்தி கொளுத்திடுவாங்க” என்றாள்.

“கொளுத்தட்டுமே. நல்ல வாசனதானே” என்றாள் தேசம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு குத்தவில்லை.

*

புரட்டாசி வந்தது. அடையாற்றில் பாதி வீடுகள் மீன் தின்பதை நிறுத்தின. வாங்க ஆளில்லை என்பது மீனுக்குத் தெரியுமா? அந்த வருஷம் கவலையும் நெத்திலியும் வலை கிழியக் கிழிய ஏறின. ஏலம் முடிந்த பிறகும் கேட்க நாதியில்லாமல் கூறுகள் மண்ணில் கிடந்தன. மற்ற பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தேசம்மாவுக்குப் பாயம்மா சொன்னது ஞாபகம் வந்தது. கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து மிச்சக் கூறுகளை அள்ளினாள். அதற்கும் பட்டம்மா “ரொக்கம்!” என்று கத்தத்தான் செய்தாள். அழுகப்போகிற மீனுக்குக்கூட அந்த மரியாதை தப்பவில்லை.

உப்புப் பிசறி, கிழிந்த வலையை மணலில் விரித்து, அதன்மேல் பரப்பினாள். பகலெல்லாம் வெயில், சாயங்காலம் மேகம் கட்டும். மேகம் கட்டினால் ஓடிப்போய் அள்ள வேண்டும், விட்டால் மறுபடி விரிக்க வேண்டும். காக்கையை ஓட்டுகிற வேலை அம்மாசிக்கு. கடலிலிருந்து திரும்பி வலை பொத்துகிறவன், பக்கத்தில் ஒரு குச்சியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“சுறாகூட மல்லுக்கட்டின கை இது. காக்கா ஓட்ட வெச்சிட்டியேமே.”

“சுறாவ எப்ப புட்ச்ச? எனக்குத் தெரிஞ்சி நீ புட்ச்ச பெரிய மீனு அந்தத் திருக்கைதான். அதுவும் செத்து மெதந்துக்கினு இருந்துச்சி.”

“செத்துச்சின்னு உனுக்கு யாரு சொன்னது? என்ன பாத்த பயத்துலதான் செத்துச்சி.”

அன்று சாயங்காலம் கவலைக் குழம்பு. மாங்காய் கிடைக்கவில்லை, புளி மட்டும் கரைத்து ஊற்றி, இறக்கும்போது நாலு பல் பூண்டைத் தட்டிப் போட்டாள். அம்மாசி சட்டியைச் சாய்த்து வழித்துச் சாப்பிட்டான். கடன் இருக்கிற வீட்டில் சாப்பாடு ருசிக்கக் கூடாது என்று சட்டமா என்ன? அந்த வீட்டில் எப்போதும் ருசித்தது. கோவளத்தில் கட்டிக்கொடுத்த மகள் வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்வாள்.

ஐப்பசியில் அடித்துக்கொண்டு வந்தது மழை. வாடைக் காற்று திரும்பி, அலை தெருவரைக்கும் ஏறியது. கட்டுமரங்களை அவிழ்த்து வீட்டுச் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி, எங்கெங்கோ இருந்து வாழைமரமும் செருப்பும் கொண்டுவந்து கடலில் கொட்டியது. குப்பம் முழுக்கத் தணிகாசலத்தின் வண்டிக்காகக் காத்திருந்தது. விரதம் முடித்த அடையாறு வீடுகளோ மீனுக்குத் தவித்தன, மீன்தான் இல்லை. தேசம்மா பாலித்தீன் தாளைத் தலையில் போர்த்திக்கொண்டு கருவாட்டுப் பொட்டலங்களோடு கேட் கேட்டாக நின்றாள். வஜீஹா மூன்று பொட்டலம் வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று அம்மாவுக்கு. மூன்றாவதைக் கீழ் வீட்டு மாமியின் வேலைக்காரம்மா கேட்டாளாம்.

அந்த மழைக்காலத்தில் தேசம்மா ஒருநாள்கூடத் தண்டல் வாங்கவில்லை. காசு அடுப்புமேல் பரணில் டால்டா டின்னுக்குள் போனது. முன்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்திருந்தாள்; பட்டம்மா வாங்கவில்லை. “குடுத்தா மொத்தமா குடு. பத்தும் இருவதுமா குடுத்தா எனக்கும் செலவாயிடும், உனுக்கும் மறந்து பூடும்” என்றிருந்தாள். இப்போது மொத்தமாகச் சேர்ந்தது. கார்த்திகை பிறக்குமுன் ஒரு மதியம், மழை கொட்டக் கொட்ட, டின்னை முந்தானையில் மூடிக்கொண்டு பட்டம்மா வீட்டுக்குப் போனாள்.

பட்டம்மா ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்துக்கொண்டிருந்தாள். டின்னைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

“இன்னாமே இது?”

“ஜானகி கணக்கு.”

“மழைல எவளும் துட்டு தர்றதில்ல. கேக்கத்தான் வருவாளுங்கோ. நீ இன்னா புத்சா?”

“கைல வெச்சிக்கினா செலவாயிடும் யக்கா.”

பட்டம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். முடிச்சுப்போட்டு இடுப்பில் செருகினாள். அடுப்பிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தாள். தேசம்மா அந்த வாசலில் உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. சாயங்காலம் காசு கொடுக்க வருகிற பெண்கள் எல்லாம் அங்கேதான் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். காலையிலேயே காசைக் கொடுத்துவிட்டவளுக்கு அங்கே என்ன வேலை? கடனைவிட இந்த வாசல்தான் அவளுக்கு அதிகம் ஏக்கமாக இருந்தது.

டீயைக் குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அப்ப, கடல் தெளிஞ்சா…”

“ரொக்கம்தான்.”

“கணக்கு தீந்துச்சே யக்கா.”

“தீந்துச்சி. நான் இல்லேன்னா சொன்னேன்? நீ திருடி இல்ல தேசம்மா, அது எனக்குத் தெரியும். உன் பேருதான் கதவு இல்லாத வூடு. எவ வோணா உள்ள பூந்து குந்திக்கினு துன்னுட்டு எழுந்து பூடுவா. மழ பேஞ்சா நனையறது யாரு? நானு. கதவு போட்டுக்கினேன்னு நான் இன்னாத்த பாத்து நம்பறது?”

தேசம்மா டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மழையில் இறங்கினாள். நெஞ்சு கனக்கும் என்று நினைத்தாள், ஆனால் கனக்கவில்லை. டின் காலியாக இருந்தது, கையும் காலியாக இருந்தது, யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. பாதி வழியில் போர்த்தியிருந்த பாலித்தீனை எடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனாள்.

*

பொங்கல் கழிந்து கடல் நன்றாகத் தெளிந்திருந்த ஒரு மதியம், ஒயர் கூடையோடு ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். தேசம்மாவுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று. ஜானகி பாதியாக இளைத்திருந்தாள்.

அம்மாசி எழுந்தான், வாய்க்கு வந்தபடி திட்டினான். “எந்த மூஞ்சிய இட்டுக்கினு வந்த? உன்னால உங்க அண்ணி ரெண்டு வருசமா கரைல தலகுனிஞ்சி நிக்கிறா. தெரியுமா உனுக்கு?” என்று கத்திக்கொண்டே தான் உட்கார்ந்திருந்த பலகையை அவள் பக்கம் தள்ளினான். ஜானகி உட்காரவில்லை. நின்றபடியே அழுதாள்.

“துன்னுட்டு அழு” என்றாள் தேசம்மா.

சங்கராக் குழம்பு இருந்தது. மீன் தலை என்றால் ஜானகிக்கு உயிர். அது ஞாபகம் வந்தே தேசம்மாவின் கரண்டி தலையைத் தேடி எடுத்தது. ஜானகி தலையை உறிஞ்சி உறிஞ்சித் தின்றாள். தின்றபடியே கதையைச் சொன்னாள். பழவேற்காட்டில் சரிப்பட்டு வரவில்லை. கட்டுமரத்தை விற்றாயிற்று. புருஷன் காசிமேட்டில் லாஞ்சுப் படகில் கூலிக்குப் போகிறான், போனால் பத்து நாள் வருவதில்லை.

“ஓடிப்போனது தப்பு அண்ணி. சொல்லிட்டாவது போயிருக்கணும்.”

“சொல்லிட்டு எவ ஓடுவா?” என்றாள் தேசம்மா. அம்மாசி அடக்க முடியாமல் சிரித்தான். ஜானகியும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

கை கழுவினபிறகு விஷயத்துக்கு வந்தாள். “இங்கியே வந்துட்றேன் அண்ணி. யாவாரம் பண்றேன். ஒரே ஒரு வாட்டி உம் பேர்ல எடுத்துக் குடு. ஒரு வாரம். அதுக்குள்ள கைல துட்டு வந்துடும். சத்தியமா சொல்றேன், உங்கண்ணு முன்னாடியே கொண்டாந்து கட்றேன்.”

தன் பெயர் கரையில் என்ன நிலையில் இருக்கிறது என்பது இவளுக்குத் தெரியாது என்று தேசம்மாவுக்குப் புரிந்தது. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அம்மாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாவம்மே” என்றான்.

“பாவம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்?”

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜானகி அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள் போல.

*

மறுநாள் காலையில் கொண்டல் காற்று குளுகுளுவென்று வீசியது. கரையே சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் ஒரு கட்டுமரத்துக்கு வஞ்சிரம் ஏறியிருந்தது. வெள்ளியை உருக்கி வார்த்த மாதிரி ஏழெட்டு மீன், முதுகில் நீலம் இன்னும் மங்காமல். தேசம்மாவின் சுருக்குப்பையில் இப்போது சொந்தக் காசு இருந்தது. தண்டல் காசு கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் கூறு அவளுக்கு எட்டாது. பாயம்மாவின் வீட்டுக்காரர் இன்றைக்கும் பரீட்சைதான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள்.

பட்டம்மா விலையை ஏற்றினாள். முந்நூறு, முந்நூற்றுப் பத்து. “முந்நூத்தி அம்பது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் திரும்பினார்கள். ஜானகி, இடுப்பில் தேசம்மாவின் பழைய அன்னக்கூடையோடு.

“அடடே, ஓடிப்போனவ வந்துட்டா பாருங்கடி!” என்றாள் ஒருத்தி.

பட்டம்மா ஒரு பிடி மண்ணை அள்ளினாள். போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு ஜானகியைப் பார்த்தாள். “ரொக்கமா?”

“அண்ணி பேர்ல போடு யக்கா.”

எல்லார் கண்ணும் தேசம்மாமேல் விழுந்தது.  தேசம்மா, பட்டம்மா வழக்கம்போல ஒரு சிரிப்புக் கிளப்புவாள் என்று எதிர்பார்த்தாள். பட்டம்மா சிரிக்கவில்லை. மெதுவாக இவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னா தேசம்மா. உம் பேர்ல போடவா?”

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கரையில் அவள் பெயர் முதல் தடவையாகக் கேட்கப்பட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயர் திரும்பி வந்துவிடும். தூரத்தில் அம்மாசி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டிருந்தான். ஜானகியின் கண்ணில் தண்ணீர் தயாராக இருந்தது.

“போடாத யக்கா” என்றாள் தேசம்மா.

“அண்ணி!”

“எம் பேரு எனக்கே இன்னும் வந்து சேரல. உனுக்கு எங்கேர்ந்து எடுத்துக் குடுப்பேன்?”

“கூடப் பொறந்தவரோட தங்கச்சின்னு பாக்கலியா அண்ணி நீ?”

‘வூட்டுக்காரரோட தங்கச்சி’ என்பதை அழுகை அவசரத்தில் அவள் உளறியதைக் கேட்டு யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். தேசம்மா சிரிக்கவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு சொன்னாள்.

“பாத்ததாலதான் நேத்து மீன் தலைய எடுத்து உன் தட்டுல வெச்சேன். இன்னிக்கும் வெப்பேன். எங்கூட கூடைய தூக்கிக்கினு வா, மீன அரிஞ்சி குடு. விக்கிறதுல உனுக்குக் கூலி தரேன், எங்க வூட்ல சோறு துன்னு. நாலு காசு சேத்து நீயே ரொக்கம் குடுத்து எடு. அந்தச் சத்தம் காதுல வுழுந்தா ஒண்ணும் செத்துட மாட்ட, நான் கேட்டவதான். ஆனா பேர மட்டும் கேக்காத ஜானகி. எங்கிட்ட மட்டும் இல்ல, யாருகிட்டயும் கேக்காத.”

இத்தனை வார்த்தை அவள் கரையில் பேசி யாரும் கேட்டதில்லை. ஜானகி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஒரு கட்டுமரத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள். கூடையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாசி ஒரு கணம் இவளைப் பார்த்தான். தலையை ஒருபக்கமாக ஆட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தான். அந்தத் தலையாட்டலுக்குச் சண்டை இல்லை என்று அர்த்தம். அவளுக்கு அது தெரியும்.

பட்டம்மா கையிலிருந்த மண்ணை உதறினாள். வஞ்சிரத்தை மறுபடி முந்நூற்றுப் பத்திலிருந்து கூவினாள், வேறொருத்தி எடுத்தாள். அடுத்தது சங்கரா, நடுத்தரக் கூறு, செவுள் சிவப்பாக நல்ல மீன். தேசம்மா விலை கேட்டாள். எதிர்விலை இரண்டு முறை வந்தது. அவள் விடவில்லை. பையிலிருப்பது போதுமா என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டாள். போதும், திரும்ப வரும்போது டீக்கு மிஞ்சாது, அவ்வளவுதான்.

ஜானகி எப்போது எழுந்து வந்தாளோ, சும்மாட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது.

விலை நின்றது. பட்டம்மா குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை அள்ளிச் சங்கராவின்மேல் போட்டாள். தேசம்மாவின் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே சுருக்குப்பையை அவிழ்த்தன. நோட்டுகளை எண்ணி எடுத்துக் கையை நீட்டினாள். சுற்றி நின்றவர்களும் பழக்கத்தில் பட்டம்மாவின் வாயைப் பார்த்தார்கள்.

பட்டம்மா கூறைக் கிளறித் தன் கூலிக்கு ஒரு மீன் எடுத்தாள். பெரியதை எடுக்கவில்லை. மண்ணை அலசாமலேயே அதைத் தன் கூடையில் போட்டாள். நீட்டிய கையையும் அதிலிருந்த நோட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், அடுத்த கூறைப் பார்த்துப் போய்விட்டாள்.